யூபிலி ஆண்டும் நோயாளி வீட்டு வாசலும்

கேள்வி: பெங்களூரு காக்ஸ் டவுன் வாசகர் ஒருவர், 13 பிப்ரவரி 2025

எங்கள் ஆயா, அதாவது என் பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். நேற்று முன்தினம், உலக நோயாளர் நாள் என்று சொல்லிப் எங்கள் பங்குக் கோவிலிலிருந்து ஒரு பெருங்கூட்டம் வந்தது. பாடினார்கள், செபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொன்னார்கள், ஆயாவின் கையில் ஆப்பிள் பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள், கால் மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் புனித ஆண்டான இந்த யூபிலி ஆண்டில் நோயாளியைச் சந்தித்தால், பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை தரும் பரிபூரண பலன் உண்டு என்று ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே என் அம்மாவிடம் விளக்கினாராம். எங்கள் ஆயா என்ன, இவர்கள் பலன் வாங்குவதற்கு ஒரு திருத்தலமா? இந்தச் சந்திப்பையெல்லாம் நிறுத்திவிட்டு, ஆகிற செலவை மருந்துக்குக் கொடுத்தால் என்ன?

13 பிப்ரவரி, இரவு

நீங்கள் கோபத்தில் கேட்ட கேள்விக்கு ஆவணத்தில் நேராகவே விடை இருக்கிறது. யூபிலி பலனைப் பற்றி 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட விதிமுறைகளில், நோயுற்றோர், சிறையிலிருப்போர், தனிமையில் வாடும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைச் சந்திப்பது, அவர்களில் இருக்கும் கிறிஸ்துவை நோக்கிச் செய்யும் திருப்பயணத்துக்கு ஒப்பாகும் என்று சொல்லப்பட்டுள்ளது. ஆகவே உங்கள் ஆயா திருத்தலம்தான். ஆனால் அதே வரியில், உரிய நேரம் அங்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே பலனைப் பற்றிப் பேசியவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

நான் அல்சூர்ப் பக்கம் இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பின், தெருவிலிருக்கும் இன்னொரு அம்மாவோடு சேர்ந்து சில வீடுகளுக்குப் போய் வருகிறேன். கூட்டமாகப் போவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. சந்திப்பையே நிறுத்துவது வேறு விஷயம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

14 பிப்ரவரி

மருந்துக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. நம் பங்குகளில் பக்கத்து பக்கத்து அறையில் கூடும் இரண்டு சபைகள் இந்தக் கேள்விக்கு நேரெதிரான விடை வைத்திருக்கின்றன. 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில், வீடு சந்திப்பும் பொருளுதவியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கூட்டத்தின் முடிவில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி பை சுற்றிவரும், அதிலிருந்து அரிசியும் மருந்தும் வாங்கப்படும். 1921-இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையிலோ, உறுப்பினர்கள் சந்திக்கப் போகும் வீட்டில் பொருளுதவி செய்யக்கூடாது என்பது விதி. டஃப் அதற்கு முன் வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்தவர் என்பதால், உதவியின் அருமை தெரியாமல் அந்த விதியை வைத்தார் என்று சொல்ல முடியாது. கையில் பையோடு வருகிறவரின் முன் வீட்டுக்காரர் தன் குறையை மட்டுமே பேசுவார் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். மருந்துக்கு வழியில்லாத வீட்டில் வெறுங்கையோடு போய்ச் செபம் சொல்லிவிட்டு வருவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கேட்டவரின் வீட்டில் குறை மருந்தில் இல்லை என்பது அவர் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

16 பிப்ரவரி

சந்திக்கப் போகிறவர்கள் எழுதுவது நிறைய உண்டு. சந்திக்கப்பட்டவர்கள் எழுதுவது குறைவு. என் தாயார் பக்கவாதத்தில் விழுந்து கிடந்த காலத்தில் நான் கதவின் அந்தப் பக்கம் இருந்தேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சொல்லாமல் ஆட்கள் வருவார்கள். அம்மா நைட்டியில் இருப்பார், தலை வாரியிருக்காது, மூத்திரப் பை கட்டிலின் இந்தப் பக்கம் தொங்கும். வாசல் மணி அடித்ததும் நான் செய்யும் முதல் காரியம், அந்தப் பையைச் சுவர்ப்பக்கம் மாற்றி அதன்மேல் ஒரு துண்டைப் போடுவது. அடுத்து அம்மாவின் மார்பில் ஒரு சால்வை. பிறகு பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கமில்லை. எட்டுப் பேருக்குக் காப்பி கலக்கும் நேரத்தில் அவர்கள் செபத்தை முடித்திருப்பார்கள், நான் அடுப்படியில் நின்றபடி ஆமென் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு வாய் கோணியதால் தம்ளரை விட்டு ஒரு கிண்ணத்தில் ஸ்பூனால் ஊட்ட வேண்டியிருந்தது. அதை அந்நியர் பார்ப்பதை அவர் வெறுத்தார். விருந்தாளிகள் இருக்கும்வரை தாகமென்றாலும் தண்ணீர் கேட்க மாட்டார்.

ஒரே ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி வந்தார். வாரந்தோறும் வியாழக்கிழமை, மதியத் தூக்கம் முடியும் நேரத்தில், முதல் நாளே போனில் கேட்டுவிட்டு வருவார். வாசலிலேயே, காப்பி வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டேன் என்று அடித்துச் சொல்லிவிடுவார். கட்டிலருகில் உட்கார்ந்து தெருச் செய்தி சொல்வார்: ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குச் சிவாஜிநகரில் இந்த வருடம் எங்கே பந்தல் போட்டார்கள், எந்த மளிகைக் கடை மூடிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, நீ போய்க் குளித்துவிட்டு வா, நான் இருக்கிறேன் என்பார். அந்த நாட்களில் நான் நிதானமாகத் தலைக்குக் குளித்தது வியாழக்கிழமைகளில்தான். அந்த வீட்டில் நோயாளி ஒருவர் அல்ல, இருவர் என்பதை மற்றவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

17 பிப்ரவரி

இதைப் படித்த ஒருவர் கேட்கிறார்: ஆப்பிளுக்குப் பதில் என்ன கொண்டு போவது? சர்க்கரை நோயாளிகள் நிறைந்த ஊரில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் தவிர எதுவாயினும் சரி. பல வீடுகளில் அந்தப் பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்று, அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் பயணப்படுகின்றன. சில பாட்டில்கள் பங்கு முழுவதும் சுற்றி வந்து கொடுத்தவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும்.

20 பிப்ரவரி

பாடுவதைக் குறை சொல்லக்கூடாது, அது விவிலிய மரபு என்று வேறொருவர் கண்டித்திருக்கிறார். விவிலியத்தைத் திறந்தால் அவருக்குச் சங்கடம்தான். மனத் துயரில் இருப்பவரிடம் பாட்டுப் பாடுவது, குளிர் நாளில் ஒருவரின் மேலாடையைக் களைவது போன்றது என்ற கருத்து நீதிமொழிகள் 25:20-இல் இருக்கிறது. அதற்கு மூன்று வசனம் முன்னால், அடுத்தவர் வீட்டுக்கு அடிக்கடி போனால் அவர் சலித்து உன்னை வெறுப்பார் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. மறுபக்கம், நோயாளியைச் சந்திக்கத் தயங்காதே என்கிறது சீராக்கின் ஞானம் 7:35. இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. போ, ஆனால் அவர் தாங்கும் அளவுக்குப் போ என்றே நான் படிக்கிறேன்.

அதே சமயம், முதல் நாள் இரவு கூட்டமாகப் போவதை அடியோடு நிறுத்தச் சொன்னதை இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். மர்பி டவுனில் ஒரு தாத்தா இருந்தார். இளம் வயதில் கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். அவருடைய வீட்டுக்கு இருவராகப் போனால், மற்றவர்கள் எங்கே, பங்கில் ஆளே இல்லையா என்று சலித்துக்கொள்வார். பழைய லத்தீன் பாட்டை முழுக் குழுவும் வந்து பாடிய அன்று, படுத்தபடியே விரல்களால் போர்வையின்மேல் கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார். ஆகவே கூட்டமா தனியா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு முடிவு செய்யலாம். கேட்பதற்கு ஒரு போன் அழைப்பு போதும்.

23 பிப்ரவரி

நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம், கொண்டு போகிறவர்களுக்காக ஒரு செய்தி. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் வந்த அனுமதியால்தான் குருக்கள் அல்லாத பொதுநிலையினராலும் வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்ல முடிகிறது. ஆனால் அதோடு சேர்ந்த இன்னொரு சலுகையை நம் மக்கள் பலர் அறியவில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணக்கூடாது என்ற விதி, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டுமல்லாமல், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் கிடையாது. இது திருச்சபைச் சட்டம் 919-இலேயே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாதத்தின் முதல் வெள்ளி அன்று காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன நற்கருணைப் பணியாளர், டேனரி சாலை நெரிசலில் சிக்கி ஒன்பதரைக்கு வந்து சேரும்போது, இன்சுலின் போட்டுக்கொண்ட ஒரு பாட்டி வெறும் வயிற்றோடு, வெள்ளைத் துணி விரித்த மேசையின் எதிரில், மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அப்பத்தின் சிறு துண்டு ஒன்றும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் போதும்.

24 பிப்ரவரி

பங்குச் சாமியார் எண்ணெயோடு வந்தால் கதை முடிந்தது என்று வீட்டார் பயந்து அவரை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் என்ற சடங்கு, சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று 1960-களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. 1972-இல் சடங்கு முறையும் மாற்றப்பட்டது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் பெறலாம், நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். அதைக் கொடுக்கக் குருவால் மட்டுமே முடியும். நம்மைப் போன்றவர்கள் முன்கூட்டியே போய்ப் பயத்தை நீக்கலாம், அவ்வளவுதான்.

2 மார்ச்

மருத்துவமனைக்கு அனுப்பிவிட்ட பிறகு வீட்டில் நமக்கென்ன வேலை என்று கேட்பவருக்கு: முற்றிய புற்றுநோயில், இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லப்பட்ட நாளிலிருந்துதான் வேலையே தொடங்குகிறது. அப்படி ஒரு வீட்டில், வலியால் முனகிய ஒருவரிடம், இதை ஆண்டவரின் பாடுகளோடு ஒப்புக்கொடுங்கள் என்று எங்களோடு வந்த ஒரு பக்திமான் திரும்பத் திரும்பச் சொன்னார். வலி மாத்திரை ஆன்மாவுக்குக் கேடு என்பது போல அவருடைய பேச்சு போயிற்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரி 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வேறு வழியில்லாதபோது, நினைவு மங்கினாலும் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் வலி நீக்கும் மருந்தைக் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். தன் வலியை விரும்பி ஒப்புக்கொடுக்கும் உரிமை வலிப்பவருக்கு உண்டு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடையாது.

கடும் வலியை அடக்கும் மார்ஃபின் இந்தியாவில் கிடைக்காமல் போனதற்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் உரிமக் கெடுபிடியும் ஒரு காரணம். 2014-இல் அதைத் தளர்த்தித் திருத்தம் வந்தது. நம் ஊரில் 1994-இல் உருவான பெங்களூர் ஹாஸ்பிஸ் டிரஸ்ட், மாரத்தஹள்ளிக்கு அருகில் கருணாஷ்ரயா என்ற இறுதிக்கால நோயாளர் இல்லத்தை நடத்துகிறது; முற்றிய புற்றுநோயாளிகளுக்கு அங்கே கட்டணமில்லை, வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவும் அவர்களிடம் உண்டு. சந்திக்கப் போகிறவர் இந்த ஒரு தகவலைக் குடும்பத்தாரிடம் சேர்த்தாலே அன்றைய செபம் பலித்தது என்று சொல்வேன்.

8 மார்ச்

நேற்று முதல் வெள்ளி. புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடியில், பதினோராம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போனோம். காவலாளி செயலியில் எங்கள் பெயரைப் போட்டார். அனுமதி கேட்டு மணி அடித்தது அந்த அம்மாவின் கையிலிருக்கும் போனில் அல்ல. கனடாவில் உறங்கிக்கொண்டிருந்த மகனின் போனில். அங்கே நள்ளிரவு. மேலே அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார், கீழே நாங்கள் நிற்கிறோம், நடுவில் ஒரு மகன் தூங்குகிறான். ஒருவழியாக இன்டர்காமில் பேசி ஏறிப் போனோம். அந்த அம்மா கீழ் மாடிகளில் இருப்பவர்களோடுகூடப் பழகியதில்லை, ஏனென்றால் லிஃப்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் திண்ணை வைத்த வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். பங்கு மாறிவிட்டதால் பழைய பங்கின் பட்டியலில் அவர் பெயர் இல்லை, புதிய பங்கில் அவரை யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவர்களின் பெயரை மகன்களிடமும் மருமகள்களிடமும் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே அந்தச் செயலியில் நம் எண்ணை நிரந்தர விருந்தினராகச் சேர்க்கவும் சொல்லுங்கள்.

9 மார்ச்

சேர்ந்தாற்போல் இருவர் போவது ஏன், ஒருவர் போதாதா என்ற கேள்விக்கு: மேலே சொன்ன வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை இரண்டிலும் இருவராகப் போவது வழக்கம். தனியாக இருக்கும் முதியவரின் வீட்டில் பணமோ நகையோ காணாமல் போனால் சாட்சி வேண்டும் என்பது ஒரு காரணம். இதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த இருவரும் மாறக்கூடாது. வாரத்துக்கு ஒரு புது முகம் வந்தால், நோயாளி தன் நோயின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. விழுந்த நாள், ஆம்புலன்ஸ், ஆபரேஷன் என்று அவர் எத்தனை தடவை சொல்வார்? வந்தவரே மீண்டும் வந்தால், போன வாரம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம். பட்டியல் போட்டுச் சுழற்சி முறையில் ஆள் அனுப்பும் பங்குகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

16 மார்ச்

ஒரு பெண்மணி சுருக்கமாக எழுதியிருந்தார்: கணவர் இறந்து கல்பள்ளியில் அடக்கம் செய்தபோது வந்த கூட்டத்தைக் கண்டு மலைத்துப்போனாராம், முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு ஒருவரும் வரவில்லையாம். நான் பார்த்த வீடுகளிலும் இதுவே நடக்கிறது. ஏழாம் நாள் வரை சமையலுக்கே அவசியமில்லாதபடி பக்கத்து வீட்டுச் சாப்பாடு வரும். முப்பதுக்குப் பிரியாணி போட்டதும் ஊரின் கடமை தீர்ந்துவிடுகிறது. அடுத்து எல்லாரும் கூடுவது ஆண்டு நினைவுக்குத்தான். நடுவில் பத்து, பதினோரு மாதம் இருக்கிறது. வங்கிக் கணக்கை மாற்றுவது, ஓய்வூதியத்துக்கு அலைவது, முதல் கிறிஸ்துமஸ், திருமண நாள், எல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. நாங்கள் இப்போது முப்பதுக்குப் போவதையே விட்டுவிட்டோம். நாற்பதாம் நாளுக்குப் பக்கத்தில் போகிறோம். போனால் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுகிறோம். அழவைத்துவிடுவோமோ என்று பயந்து எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள். வீட்டுக்காரருக்கோ அதைச் சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் தவிப்பு.

23 மார்ச்

வாட்ஸ்அப் குழுக்களில் செப உதவி கேட்டு வரும் செய்திகளைப் பற்றிப் பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். இன்னாருக்கு மார்பகப் புற்றுநோய், மூன்றாம் நிலை, எல்லாரும் செபியுங்கள் என்று ஒரு செய்தி சுற்றி, அது அந்தப் பெண்ணின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த கதையை நான் அறிவேன். நோயாளியின் வீட்டில் கண்டதும் கேட்டதும் நம்முடைய சொத்து அல்ல. பெயர் சொல்லாமல், நோயின் பெயரும் சொல்லாமல் செபிக்கலாம். யாருக்காக என்று ஆண்டவருக்கு நாம் தெரிவிக்க வேண்டிய அவசியமில்லை.

6 ஏப்ரல்

கேள்வி கேட்ட காக்ஸ் டவுன் அன்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். தம் பங்கின் பெரியவர் ஒருவரிடம் பேசி, ஆயாவைப் பார்க்கக் கூட்டம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்; இருவர் மட்டும் ஞாயிறு காலை வருகிறார்களாம். ஆனால் ஒரு புதுச் சிக்கல்: ஆயாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் அவர்களோடு அதிகம் பேசுகிறாளாம், ஆயா தூங்கிவிடுகிறாராம். இதில் தவறென்ன என்று கேட்டிருக்கிறார்.

தவறு ஒன்றுமில்லை. அவள் ஜார்க்கண்டின் சிம்டேகாவிலிருந்து வந்தவள் என்றும், கழுத்தில் ஜெபமாலை போட்டிருக்கிறாள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்களில் கத்தோலிக்கர் ஏராளம். நம் ஊர் முதியவர்களைப் பராமரிக்கும் பெண்களில் பலர் அங்கிருந்து வருபவர்கள். இரவும் பகலும் அதே அறையில் இருப்பவள் ஞாயிறு திருப்பலி கண்டு எத்தனை மாதம் ஆயிற்றோ, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயாவுக்கு நற்கருணை கொண்டுவரும் பணியாளரிடம், இவளுக்கும் ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள்; ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியைப் பற்றி மேலே சொன்ன சட்டத்தில் பராமரிப்பவர் என்று இருப்பது இவளையும் சேர்த்துத்தான். அதைவிட நல்லது, வருகிற இருவரில் ஒருவர் ஆயாவின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார, மற்றவர் அவளை இந்தித் திருப்பலி நடக்கும் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது. குருத்து ஞாயிறு அடுத்த வாரம் வருகிறது. அன்று கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பச் சொல்லுங்கள். ஆயாவுக்குக் கஞ்சி எத்தனை மணிக்கு, டயப்பர் எந்த அலமாரியில் என்பதை உட்காருகிறவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.